மரக்கட்டை ஸ்னேர் டிரம்மில் விரும்பும் நாதத்தை வரவழைப்பது எப்படி?

தேவாலயப் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: 14 அங்குல விட்டமும் 5.5 அங்குல ஆழமும் உள்ள மேப்பிள் மர ஸ்னேர் (அடித் தோலை ஒட்டிக் குறுக்கே கம்பிகள் ஓடும் டிரம்) ஒன்றை வாங்கியிருக்கிறார். தடித்த, கனமான ஒலி வேண்டும் என்றுதான் மரத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் அடித்தால் 'கிண்' என்று ஓசை நீள்கிறது. மேல் தோலைத் தளர்த்தினாலோ ஒலி சப்பென்று செத்துவிடுகிறது. இதை எப்படிச் சுருதி கூட்டுவது, அல்லது இதைக் கொடுத்துவிட்டு உலோக ஸ்னேருக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறார்.

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் மெல்லிசைக் குழுக்களுக்கு டிரம்ஸ் வாசித்து வருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுமே மேல் தோலில் இருப்பதாகத் தோன்றினாலும், அவற்றின் காரணம் பெரும்பாலும் அடித் தோலில்தான் இருக்கும். நம் ஊரில் வாசிப்பவர்கள் பலரும் தோலை இறுக்கும் போல்ட்டுகளைத் திருகும் சாவியை எடுத்தால் கைக்கு எட்டும் மேல் தோலையே திருகுகிறார்கள்; அடித் தோல் கடையிலிருந்து வந்த நாளில் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில், அதே அழுக்கோடு, ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. குச்சி படும் இடம் மேல் தோலாக இருக்கலாம், ஆனால் ஸ்னேர் கம்பிகளை அதிர வைப்பது அடித் தோல்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

மேலே போடும் வெள்ளைப் பூச்சுள்ள தோல் வழக்கமாக 10 மில், அதாவது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. கீழே போடுவதற்கென்றே வரும் தோல் 3 மில் அளவுதான். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கம்பிகளை உடனுக்குடன் எழுப்புவதற்காகவே அதை இவ்வளவு மெல்லியதாகச் செய்கிறார்கள். அவசரத்துக்கு மேல் தோல் ஒன்றைக் கீழே மாட்டிவிட்டு, கம்பி பேசவில்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு. உங்கள் டிரம்மின் அடியில் இருப்பது எது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பிறகு இரண்டு தோல்களையும் கழற்றுங்கள். வெறும் கட்டையை, அதாவது டிரம்மின் மர உடலை, சமையலறைக் கிரானைட் மேடை போன்ற தட்டையான பரப்பில் வைத்து, அறையை இருட்டாக்கி, உள்ளே ஒரு டார்ச் விளக்கை எரிய விட்டுப் பாருங்கள். விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே ஆங்காங்கே வெளிச்சம் கசிந்தால் விளிம்பு சமமாக இல்லை என்று பொருள். ஆனால் கட்டையின் அடிப்பக்கத்தில், கம்பிகள் கடந்து செல்லும் எதிரெதிரான இரண்டு இடங்களில் மட்டும் விளிம்பு வேண்டுமென்றே சற்றுத் தாழ்வாகச் செதுக்கப்பட்டிருக்கும். அதைக் குறையென்று எண்ணி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. வேறு இடங்களில் பள்ளம் இருந்தாலும் அதைச் சரிசெய்வது தேர்ந்த தச்சரின் வேலை, நம் வேலை அன்று. விளிம்பு நன்றாக இருந்தால் அதன்மேல் ஒரு மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துவிடுங்கள். தோல் மரத்தில் ஒட்டிப் பிடிக்காமல் சீராக அமரும். போல்ட்டுகளைத் துடைத்து, தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயில் ஒரு துளி விட்டுவைத்தால் சாவியின் ஒவ்வொரு திருப்பமும் முழுமையாகத் தோலுக்குப் போய்ச் சேரும்.

இனி அடித் தோல். கம்பிகளை முழுவதும் கழற்றி வைத்துவிட்டு, போல்ட்டுகளை எல்லாம் விரலாலேயே இறுகும் வரை திருகுங்கள். அதன் பிறகுதான் சாவி. ஒரு போல்ட்டுக்கு அரைச் சுற்று, அடுத்ததாக அதற்கு நேர் எதிரில் உள்ளதற்கு அரைச் சுற்று என்று குறுக்குக் குறுக்காகவே போக வேண்டும். வட்டமாக வரிசையில் இறுக்கினால் தோல் ஒரு பக்கமாக இழுபட்டு, பின்னால் எவ்வளவு முயன்றாலும் சமப்படாது. சுருக்கம் நீங்கிய பின்னும் நிறுத்தாமல், நடுவில் கட்டை விரலை வைத்து மெதுவாக அழுத்தினால் சற்றே கொடுக்கும் அளவுக்கு இறுக்குங்கள். மெல்லிய தோல் கிழிந்துவிடுமோ என்று அஞ்சிப் பலர் பாதி வழியில் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தோலுக்குக் கூர்மையான பொருள்தான் எதிரி, சமமான இழுவிசை அன்று. அடித் தோல் தளர்ந்திருந்தால் கம்பிகள் அடிக்குப் பின்னும் வெகுநேரம் இரைந்துகொண்டிருக்கும்; மேல் தோலைத் தளர்த்தியதும் உங்களுக்கு ஒலி செத்துப் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், ஏனென்றால் இரண்டுமே தளர்ந்திருக்கும்போது அடியை வாங்கித் திருப்பித் தர அங்கே எதுவும் இல்லை.

மேல் தோலையும் அதே முறையில் மாட்டுங்கள். ஒரு தோலைக் கேட்கும்போது மறு தோல் ஒலிக்காதபடி டிரம்மை மடித்த துண்டின்மேல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எதிரே, விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, குச்சியின் நுனியால் மெல்லத் தட்டுங்கள். நடுவில் ஒரு விரலை லேசாக வைத்திருந்தால் அந்தந்த இடத்தின் சுருதி தெளிவாகக் கேட்கும். தாழ்ந்திருப்பதை உயர்த்தியே எல்லாவற்றையும் சமப்படுத்துங்கள். ஏதேனும் ஒன்று மிகையாக உயர்ந்திருந்தால் அதைத் தேவைக்கும் கீழே இறக்கிவிட்டு மீண்டும் மேலே கொண்டு வாருங்கள். சுருதி இறக்கத்தில் நிற்காது, ஏற்றத்தில்தான் நிற்கும்.

இந்தச் சமநிலைக்கு இவ்வளவு பாடுபடுவானேன் என்றால், வட்டத் தோல் ஒரே சுரத்தில் ஒலிப்பதில்லை. அடிப்படை அதிர்வை 1 என்று கொண்டால் அடுத்தடுத்த அதிர்வுகள் ஏறக்குறைய 1.59, 2.14, 2.30 மடங்குகளில் எழுகின்றன. இவை முழு எண்கள் அல்ல என்பதால் காதில் சுரமாக இணையாமல் இரைச்சலாக விழுகின்றன. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், இடும் கரணை என்ற கறுப்புப் பூச்சு இந்த அதிர்வுகளை முழு எண் விகிதங்களுக்கு இழுத்து வருகிறது, சர் சி. வி. இராமன் 1920இல் இதைப் பற்றி ஆய்வுக் குறிப்பு வெளியிட்டார். ஸ்னேரில் கரணை இல்லை. ஆகவே அதனிடம் மிருதங்கத்தின் சுரத்தை எதிர்பார்க்க முடியாது. அந்த இரைச்சலை இனிய இரைச்சலாக ஆக்குவதே நம் வேலை. குறுக்கு வாட்டில் ஒரு திசை இறுகியும் மறு திசை தளர்ந்தும் இருந்தால், அந்த இரண்டாம் அதிர்வு இரண்டாகப் பிரிந்து, நெருங்கிய இரு சுருதிகள் மோதி அலை அலையாக ஏறி இறங்கும். உங்கள் 'கிண்' ஓசை நீளும்போது அப்படி அலைபாய்கிறதா என்று கவனியுங்கள். அலைபாய்ந்தால் பாதி மருந்து சமன் செய்வதிலேயே இருக்கிறது.

இரண்டு தோல்களுக்கும் இடையிலான உறவு அடுத்தது. மேல் தோலை விளிம்பில் தட்டும்போது வரும் சுருதியைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால், அடித் தோலின் விளிம்புச் சுருதி அதற்கு மேலுள்ள சுத்த மத்திமத்திலோ பஞ்சமத்திலோ நிற்பது பெரும்பாலான மரக்கட்டைகளுக்குப் பொருந்துகிறது. மத்திமத்தில் உடல் சற்றுக் கூடுதலாகவும், பஞ்சமத்தில் கம்பியின் விறுவிறுப்பு கூடுதலாகவும் இருப்பது என் காதுக்குத் தெரிகிறது. இரண்டையும் ஒரே சுருதியில் வைத்தால் ஓசை நீளும். நீங்கள் தவிர்க்க விரும்புவது அதைத்தான்.

உங்களுக்கு வேண்டிய தடித்த ஒலிக்கு, அடித் தோலை உயர்த்தி வைத்த நிலையிலேயே விட்டுவிட்டு, மேல் தோலை மட்டும் சுருக்கம் நீங்கிய நிலைக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். எல்லா இடத்திலும் சமமாக வந்த பிறகு, நடுவில் ஓங்கி ஓர் அடி அடித்துப் பாருங்கள். ஓசை இன்னும் நீண்டால், உங்களுக்கு அருகில் உள்ள ஒரே ஒரு போல்ட்டை அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை தளர்த்துங்கள். இவ்வளவு நேரம் சமன் செய்யச் சொல்லிவிட்டு இப்போது கலைக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் சமமான தோலில் ஒரு முனையை மட்டும் தளர்த்தினால் நீளும் ஓசை அடங்கி ஒலி தடிக்கிறது, ஏற்கெனவே ஏறுக்குமாறாக இருக்கும் தோலில் அதையே செய்தால் குழப்பம்தான் கூடும். கூர்மையான, வெடிப்பான ஒலி வேண்டுபவர்கள் மேல் தோலை நன்றாக இறுக்கினாலே போதும். அதற்கு மரம்தான் வேண்டும் என்பதுகூட இல்லை.

கம்பிகளை மீண்டும் மாட்டும்போது அவை தாழ்வாகச் செதுக்கிய இரு இடங்களுக்கும் நேராக, இரு விளிம்புகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்க வேண்டும். கம்பிகளை இறுக்கும் திருகை முழுவதும் தளர்த்திவிட்டு, விரல் நுனியால் மேல் தோலின் ஓரத்தை வருடிக்கொண்டே சிறிது சிறிதாக இறுக்குங்கள். மிக மெல்லிய தொடுதலுக்கும் கம்பி பதில் சொல்லத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலே இறுக்கினால் கம்பிகள் தோலின் மூச்சைப் பிடித்துவிடும். மரத்துக்காகக் கொடுத்த பணம் அத்தோடு வீண்.

ஓசையை அடக்க ஜெல் துண்டுகள் விற்கிறார்கள். பழைய தோல் ஒன்றின் ஓரத்தை ஓர் அங்குல அகல வளையமாக வெட்டி மேலே போட்டாலும் அதே வேலை நடக்கிறது. ஆனால் இதை வீட்டில் முடிவு செய்யாதீர்கள். அறையில் எரிச்சலூட்டும் நீண்ட ஓசை, மைதானம் போன்ற திறந்த வெளியிலோ ஊர்த் திருவிழா மேடையிலோ நாலு வரிசை தாண்டுவதற்குள் கரைந்துவிடும். அங்கே அடக்கி வைத்த ஸ்னேர் அட்டைப் பெட்டியைப் போல ஒலிக்கும். நீங்கள் தேவாலயத்தில் வாசிப்பவர். மதுரை கீழவெளி வீதியில் உள்ள புனித மரியன்னை பேராலயம் போன்ற உயர்ந்த கூரையுள்ள கட்டடங்களில் ஒலி தானே சுற்றி வருமாதலால், ஒரு வளையம் போடுவது உங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படும். ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கடைசி பெஞ்சில் போய் அமர்ந்து கேட்டு முடிவு செய்யுங்கள்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பறையைத் தீயில் காய்ச்சினால் விலங்குத் தோலின் ஈரம் வற்றி அது விறைக்கிறது. நாம் வாசிக்கும் பாலியெஸ்டர் தோலோ சூட்டில் தளரும். கத்திரி வெயிலில் காருக்குள் கிடந்த ஸ்னேரை நேராக மேடையில் வைத்துச் சுருதி கூட்டினால், அது குளிர்ந்த பிறகு சுருதி ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பிளாஸ்டிக் தோல் அதிகம் மாறாது, ஆனால் மரம் ஈரத்தை உறிஞ்சும். ஆகவே மர ஸ்னேரை வாசிக்கும் இடத்துக்கு அரை மணி நேரமாவது முன்னதாகக் கொண்டு சென்று, பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, அதன் பிறகே சாவியைத் தொடுங்கள்.

விளிம்போடு சேர்த்து அடிப்பவராக இருந்தால் அந்தப் பக்கத்துப் போல்ட்டுகள் தானே கழன்று வரும். மரையில் குழாய் வேலைக்கான டெஃப்லான் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் நிற்கும். டிரம் செட்டில் உள்ள டாம் டிரம்மையோ கீபோர்டின் கீழ்ச் சுரத்தையோ வாசிக்கும்போது ஸ்னேர் கம்பி தானாக இரைந்தால், டாமின் சுருதியைச் சற்று மாற்றிப் பாருங்கள். முற்றிலும் நிற்காது, கூட்டாக வாசிக்கும்போது அது யார் காதிலும் விழாது.

உலோகத்துக்கு மாறலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போது வேண்டாம். உலோகக் கட்டை பொதுவாக இன்னும் பளிச்சென்றும் நீண்டும் ஒலிக்கும். நீங்கள் புகார் சொல்வதே அந்த நீளத்தைப் பற்றித்தான். புதிய ஸ்னேருக்கு வைத்திருக்கும் பணத்தில் சிறு பகுதியை எடுத்து, அடியில் புதிய 3 மில் தோலும், மேலே பூச்சுள்ள 10 மில் தோலும், தேவையானால் 20 இழைக் கம்பியும் வாங்கி மாட்டுங்கள். புதுத் தோல் முதல் சில நாள்கள் இழுபட்டுச் சற்றுத் தளரும் என்பதால், ஞாயிறு காலையில் மாட்டாமல் புதன்கிழமையே மாட்டிவிட்டுச் சனிக்கிழமை ஒத்திகையில் மீண்டும் ஒரு முறை சமன் செய்துகொள்ளுங்கள்.