எட்டரை வயசு பாப்பாவுக்கு கிளிப் இப்பவா, 12 வயசுலயா? அதுக்கு முன்னாடி அந்த கடைசி கடவாப்பல்

கொடுங்கையூர்ல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பொண்ணுக்கு எட்டரை வயசு, மூணாவது படிக்குது. மேல முன்பல் ரெண்டும் பெருசா, நடுவுல கேப் விட்டு, கொஞ்சம் தூக்கலா வந்திருக்கு, கீழ் வரிசை லேசா கோணல். ஒரு கிளினிக்ல இப்பவே கிளிப் போடணும், ரெண்டு கட்டமா பண்ணணும்னு சொல்லி அட்வான்ஸ் கேட்டாங்களாம், இன்னொரு இடத்துல 12 வயசு ஆகட்டும் வாங்கன்னு அனுப்பிட்டாங்களாம், யார் பேச்சை கேக்கறதுன்னு தெரியலையாம். கடைசியா ஒரு வரி: "கீழ இடது பக்கம் கடைசி கடவாப்பல்லுல சொத்தை, ராத்திரி வலிக்குதுன்னு அழறா, விழுற பல்லுதானே, பிடுங்கிடலாமா டாக்டர்?"

அம்மா, நீங்க கடைசியா எழுதினதைத்தான் நான் முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா கிளிப் காத்திருக்கும், அந்த பல் காத்திருக்காது. அது விழுற பல்லான்னு இன்னும் நமக்கு தெரியாது. தயவுசெஞ்சு அது தெரியாம பிடுங்க சம்மதிச்சிடாதீங்க.

நாளைக்கு காலையில பாப்பாவை வாசல் வெளிச்சத்துல உக்கார வெச்சு, வாயை நல்லா திறக்க சொல்லி, போன் டார்ச் அடிச்சு, கீழ் வரிசையில நடு கோட்டுல இருந்து இடது பக்கமா எண்ணுங்க. முதல் ரெண்டும் முன்பல், மூணாவது கோரைப்பல், நாலு அஞ்சு ரெண்டும் பால் கடவாப்பல், ஆறாவது ஒண்ணு இருந்தா அது பால் பல்லே இல்ல. அந்த ஆறாவது 6 வயசு வாக்குல, எந்த பல்லும் விழாமலே, கடைசி பால் பல்லுக்கு பின்னாடி ஈறை கிழிச்சிட்டு சத்தமில்லாம வந்து நிக்கும், முன்பல் விழுந்தா சாணியில உருட்டி கூரை மேல போட்டு கொண்டாடுற வீட்டுல கூட இது வந்ததே யாருக்கும் தெரியாது. எட்டரை வயசுல "கடைசி கடவாப்பல்"னு ஒரு அம்மா சொன்னா பெரும்பாலும் அது இந்த ஆறாவதுதான். அறுபது வயசு வரைக்கும் அவ சோறு மெல்ல வேண்டிய பல் அது, அதுக்கு பதிலா இன்னொண்ணு முளைக்காது.

பழைய வண்ணாரப்பேட்டையில நான் உக்காந்த இத்தனை வருஷத்துல என்னால மறக்க முடியாத பையன் ஒருத்தன், காசிமேட்டுல இருந்து வந்தவன், 13 வயசு. எட்டு வயசுல வேற எங்கயோ பால் பல்லுன்னு நினைச்சு இந்த ஆறாவதை எடுத்துட்டாங்க. பின்னாடி இருந்து வந்த பல் அந்த காலி இடத்துல சாஞ்சு விழுந்து கிடந்துச்சு, மேல் பல் கீழ இறங்கிடுச்சு, ஒரு பக்கமாவே மென்னு மென்னு பழகிட்டான். அவங்க அம்மா கேட்டது ஒண்ணுதான், "விழுற பல்லுன்னுதானே சொன்னாங்க?" அதான் உங்ககிட்ட இவ்வளவு தூரம் எண்ண சொல்றேன்.

எண்ணி பாத்து ஆறாவதுன்னா: சொத்தை மேலோட்டமா இருந்தா அடைச்சிடலாம். ராத்திரி தூக்கத்துல எழுப்புற வலின்னா நரம்பு வரைக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம், ஆனா பயப்படாதீங்க, இந்த வயசுல ஆறாவது பல்லோட வேர் நுனி இன்னும் மூடியிருக்காது, அது முழுசா முடிய 9, 10 வயசு ஆகும், அதனால பெரியவங்களுக்கு பண்ற மாதிரி எடுத்தவுடனே முழு ரூட் கேனல் பண்ணாம, கெட்ட பகுதிய மட்டும் எடுத்துட்டு உள்ள இருக்கற நரம்பை உயிரோட வெச்சு மருந்து போட்டு மூட முடியுமான்னு முதல்ல பாப்பாங்க. வேர் வளர்ந்து முடியறதுக்கு அந்த நரம்பு வேணும். இதை குழந்தைகள் பல் டாக்டர், பெடோடான்டிஸ்ட்னு சொல்வாங்க, அவங்ககிட்ட பண்ணிக்கறது நல்லது.

காப்பாத்தவே முடியாத அளவு உடைஞ்சு போயிருந்தாலும் அவசரமா எடுக்கக்கூடாது. சரியான நேரம் பாத்து, பொதுவா 8லருந்து 10 வயசுக்குள்ள, திட்டம் போட்டு எடுத்தா பின்னாடி இருக்கற ஏழாவது நகர்ந்து அந்த இடத்தை பிடிச்சிக்க வாய்ப்பு இருக்கு. அது எல்லா பிள்ளைக்கும் பொருந்தாது, ஓபிஜி, அதாவது வாய் முழுக்க ஒரே படத்துல தெரியற எக்ஸ்ரே எடுத்து கிளிப் போடற டாக்டரும் பாத்து முடிவு பண்ணணும்.

அஞ்சாவதுன்னா பால் பல்தான், ஆனாலும் பிடுங்கறது முதல் வழி இல்ல. அந்த பல் தானா விழ 10லருந்து 12 வயசு ஆகும், பாப்பாவுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் அது வேணும், மெல்லறதுக்கு மட்டும் இல்ல, அடியில வளர்ற பல்லுக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கறதும் அதுதான். பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கற மாதிரி வெச்சிக்கோங்க, துண்டை எடுத்தா ஆறாவது முன்னாடி நகர்ந்து உக்காந்துக்கும், அடியில இருக்கறது வர வழியில்லாம கோணலா முளைக்கும், இல்ல உள்ளயே மாட்டிக்கும். பால் பல்லுக்கும் ரூட் கேனல் மாதிரி ஒரு சிகிச்சை இருக்கு, உள்ள சுத்தம் பண்ணி, வேரோட சேர்ந்து கரையற மருந்தை வெச்சு, மேல ஸ்டீல் கேப் போடுவாங்க. அதுவும் முடியாதுன்னு எடுக்க வேண்டி வந்தா, எடுக்கற அன்னைக்கே ஸ்பேஸ் மெயின்டெய்னர் பத்தி கேளுங்க, ஒரு வளையமும் கம்பியும்தான், இடம் மூடாம பாத்துக்கும். பல்லை எடுத்துட்டு அதை போடாம அனுப்பற இடத்துல நாலு வருஷம் கழிச்சு கிளிப் செலவு ஏற வாய்ப்பு அதிகம்.

இப்போ கிளிப்.

முன்பல் நடுவுல கேப், விசிறி மாதிரி விரிஞ்ச பல், இது எட்டு வயசுல ரொம்ப சாதாரணம். மேல கோரைப்பல் இன்னும் எலும்புக்குள்ள இருக்கு, இறங்கும்போது பக்கத்து பல் வேர்களை அழுத்தும், அதனால முன்பல் விரியும். 11, 12 வயசுல கோரைப்பல் வந்து உக்காந்ததும் சின்ன கேப் தானா மூடிக்கும், 2 மில்லிமீட்டருக்குள்ளன்னா பெரும்பாலும் அப்படித்தான். மேல் உதட்டையும் முன்பல் நடு ஈறையும் சேர்க்கற சதைய வெட்டணும்னு இப்பவே யாராவது சொன்னா கோரைப்பல் வரட்டும்னு சொல்லிடுங்க. கீழ் வரிசை லேசான கோணலும் இந்த வயசுல கவலைப்பட வேண்டியதில்ல.

அப்போ சின்ன வயசுல எப்பதான் போடணும்? கடவாப்பல் ரெண்டு பக்கமும் படற மாதிரி மெதுவா கடிக்க சொல்லி பாருங்க. மேல் பல்லு கீழ் பல்லுக்கு வெளியில நிக்கணும், ஒரே ஒரு மேல் பல் உள் பக்கமா மாட்டியிருந்தாலும், கீழ் தாடை முன்னாடி வந்திருந்தாலும், வாய் மூடற கடைசி நொடியில தாடை ஒரு பக்கமா நழுவினாலும் 12 வயசு வரைக்கும் காத்திருக்கக்கூடாது, இதெல்லாம் எலும்பு வளர்ற திசைய மாத்திடும், கீழ் தாடை முன்னாடி வர்ற கேஸ்ல 10 வயசுக்கு முன்னாடி பண்றதுக்குத்தான் பலன் அதிகம். விரல் சூப்பற பழக்கம் இன்னும் இருந்தாலும் இப்பவே பாக்கணும். வாயை திறந்துகிட்டு தூங்கி குறட்டை விட்டா முதல்ல ஈஎன்டி டாக்டர்.

தூக்கல் பல் விஷயத்துல மட்டும் கொஞ்சம் நின்னு யோசிக்கணும். பல ஆய்வுகளை சேர்த்து பாத்ததுல தெரிஞ்சது என்னன்னா, தூக்கல் பல்லுக்கு சின்ன வயசுலயே ஆரம்பிச்சு ரெண்டு கட்டமா பண்ணினாலும், வளர்ற வயசுல ஒரே தடவையா பண்ணினாலும் கடைசி ரிசல்ட் கிட்டத்தட்ட ஒண்ணுதான், சீக்கிரம் பண்றதுல இருக்கற ஒரே லாபம் முன்பல்லுல அடிபடறது குறையறது. அதனால உதடு மூட முடியாத அளவுக்கு பல் வெளிய நீட்டிட்டு இருந்து, பாப்பா ஓடி விழுந்து விளையாடற ஆளாவும் இருந்தா முதல் கிளினிக் சொன்னதுல நியாயம் இருக்கு. நீங்க எழுதின மாதிரி "கொஞ்சம்"தான்னா காத்திருக்கலாம்.

ஆனா 12 வரைக்கும் திரும்பியே பாக்காம இருக்கறதும் பொண்ணு பிள்ளைக்கு சரி வராது. கீழ் தாடை பின்னாடி இருக்கறதாலதான் பல் தூக்கலா தெரியுதுன்னா, கழட்டி மாட்டற ட்வின் பிளாக் மாதிரி ஒண்ணு போட்டு சரி பண்ணுவாங்க, அது நல்லா வேலை செய்யறது உயரம் சட்டுனு ஏறற அந்த சமயத்துல. பொண்ணுங்களுக்கு அது வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்துடும், சில பிள்ளைங்களுக்கு 10, 11லயே. அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காட்டுங்க. அமெரிக்க ஆர்த்தோடான்டிக் சங்கம் 7 வயசுக்குள்ள ஒரு தடவை பாத்துடணும்னு சொல்றதும் பாக்கறதுக்குத்தான், உடனே மாட்டறதுக்கு இல்ல.

அட்வான்ஸ் கேட்ட இடத்துல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இப்போ போடலேன்னா எது கெட்டுப் போகும்?" பதில் மேல சொன்ன ஏதாவது ஒண்ணா இருந்தா யோசிங்க, "சீக்கிரம் போட்டா நல்லது"ன்னு மட்டும் வந்தா இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க. ரெண்டு கட்டத்துக்கும் மொத்தம் எவ்வளவு, சரியான பல் திரும்ப நகராம இருக்க கடைசியில போடற ரீட்டெய்னர் அதுல சேருமான்னு எழுதி வாங்குங்க. காசு கஷ்டம்னா சிகிச்சைய தள்ளிப் போடாதீங்க, ஃபோர்ட் ஸ்டேஷன் பக்கத்துல இருக்கற அரசு பல் மருத்துவக் கல்லூரியில குழந்தைங்களுக்கும் கிளிப்புக்கும் தனித்தனி பிரிவு இருக்கு, காத்திருக்கணும், பல தடவை போகணும், காலையிலயே கிளம்பிடுங்க.

இன்னொரு விஷயம், ஒரு பல் சொத்தைன்னா மத்த மூணு ஆறாவது பல்லுலயும் பள்ளத்தை அடைக்கற சீலன்ட் போட முடியுமான்னு கேளுங்க. டீயில நனைச்ச பொரை, பிஸ்கட் எல்லாம் அந்த பள்ளத்துலதான் போய் ஒட்டும். ராத்திரி பிரஷ் பண்ணதுக்கு அப்புறம் சர்க்கரை போட்ட பால் வேண்டாம், ஃப்ளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு வெச்சு, பின்னாடி பல்லை நீங்களே பிடிச்சு தேய்ச்சு விடுங்க, அந்த கை அவளுக்கு இன்னும் வராது.

டாக்டர்கிட்ட போற வரைக்கும் ராத்திரி வலிக்கு பாராசிட்டமால், அவ எடைக்கு எவ்வளவுன்னு கேட்டு குடுங்க. ஆஸ்பிரின் வேண்டாம், கிராம்பு எண்ணெய், கற்பூரம் வெச்சு ஈறை புண்ணாக்க வேண்டாம், கன்னத்துல சூடா ஒத்தடமும் வேண்டாம். கன்னம் வீங்கி காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க, எச்சில் முழுங்க கஷ்டப்பட்டாலோ விடியட்டும்னு இருக்காதீங்க, ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் ஆட்டோ பிடிச்சு ஸ்டான்லி ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போயிடுங்க.