வீட்டில் சுகர் டெஸ்ட்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சுகருக்கு மாத்திரை மட்டும்தான். வீட்டிலேயே பார்க்க ஒரு மெஷின் வாங்கலாம் என்றிருக்கிறோம். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் ஸ்ட்ரிப்பைப் (ரத்தத் துளியை உறிஞ்சும் சிறு பட்டை) பாருங்கள், அப்புறம் மெஷினை. குளுக்கோமீட்டர் ஒரு தடவைச் செலவு. காசு கரைவது ஸ்ட்ரிப்பில்தான். ஒரு மீட்டருக்கு அதற்கென்று உள்ள ஸ்ட்ரிப்பைத் தவிர வேறு சேராது. ஆகவே அது எப்போதும் கிடைக்குமா, ஒன்றுக்கு என்ன விலை விழுகிறது என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். வாரம் இரண்டு முறைதான் பார்ப்பார் என்றால் 50 ஸ்ட்ரிப் டப்பா வேண்டாம். திறந்த டப்பாவுக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம்தான் ஆயுள், 25 போதும். திறந்த தேதியை டப்பா மேலேயே எழுதி வையுங்கள். டப்பாவிலோ மூடியிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது, அதனால் ஒன்றை எடுத்ததும் உடனே மூடிவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது.

பெட்டியில் ஐ.எஸ்.ஓ. 15197 என்ற, இந்த மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வயதானவர்களுக்கு விரலில் ரத்தம் சுலபத்தில் வராது, 0.5 மைக்ரோலிட்டர் அளவு போதும் என்கிற ஸ்ட்ரிப் நல்லது. ஸ்ட்ரிப் டப்பாவின் கோட் எண்ணை மீட்டரில் போடத் தேவையில்லாத மாடலாக, எழுத்து பெரிதாகத் தெரிவதாக எடுங்கள். போனோடு இணையும் வசதியெல்லாம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் குறையில்லை.

கேள்வி: லேபில் 142. அதே காலையில் மீட்டரில் 161. மெஷின் கோளாறா?

பதில்: இந்த ஒரு ரீடிங்கை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மேலே சொன்ன தரத்தின்படி, 100-க்கு மேல் போனால் லேப் அளவிலிருந்து 15 சதவீதமும், 100-க்குக் கீழே 15 மில்லிகிராமும் கூடலாம், குறையலாம். நூற்றுக்கு 95 ரீடிங் இந்த எல்லைக்குள் வந்தால் போதும். 142-க்கு அந்த எல்லை சுமார் 121 முதல் 163 வரை. உங்கள் 161 உள்ளேதான் இருக்கிறது.

சரியாக ஒப்பிட வேண்டுமானால் மீட்டரை லேபுக்கே எடுத்துப்போய், வெறும் வயிற்றில், ஊசியில் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிட்டால் வீண் குழப்பம்: அப்போது நரம்பு ரத்தத்தைவிட விரல் ரத்தத்தில் சர்க்கரை இயல்பாகவே கூடுதலாக இருக்கும். லேபில் ட்யூப் வெகுநேரம் கிடந்தாலும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். இன்னொன்று, ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும். ஒவ்வொரு முறையும் பெரிய வித்தியாசம் வந்தால் ரத்தத்துக்குப் பதிலாக கன்ட்ரோல் சொல்யூஷன் (சர்க்கரை அளவு தெரிந்த சோதனைத் திரவம்) விட்டுப் பாருங்கள். டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் வராவிட்டால் முதலில் புது ஸ்ட்ரிப்பில் ஒரு முறை பார்த்துவிட்டு, அப்புறம் மீட்டரைச் சந்தேகப்படலாம்.

கேள்வி: பழம் நறுக்கிவிட்டுப் பார்த்தால் 260, கை கழுவியபின் 130. இவ்வளவு வருமா?

பதில்: தாராளமாக வரும். 130 ரீடிங்கில், 0.5 மைக்ரோலிட்டர் துளியில் இருக்கும் சர்க்கரையே 0.65 மைக்ரோகிராம்தான். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குக்கும் குறைவு. விரலில் கண்ணுக்குத் தெரியாமல் அதே அளவு பழச்சாறுச் சர்க்கரை ஒட்டியிருந்தால் ரீடிங் இரட்டிப்பாகிவிடும். ஸ்பிரிட் பஞ்சு இதற்கு உதவாது. சோப்புப் போட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் துளி நீர்த்துப்போய் ரீடிங் குறையும்.

கையைச் சற்று நேரம் தொங்கவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். நடுவில் குத்தினால் வலி அதிகம். நுனியைப் பிழியாமல், உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி நீவிவிடுங்கள். ஸ்ட்ரிப் ஓரத்தைத் துளியில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும், மேலே தடவ வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு வயிற்று வழி டயாலிசிஸ். எந்த மீட்டரும் பரவாயில்லையா?

பதில்: கூடாது. அவருக்கு ஏற்றும் திரவத்தில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற பொருள் இருந்தால் அது உடலில் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாக உடையும். ஜி.டி.ஹெச்.-பி.க்யூ.க்யூ. என்சைம் உள்ள ஸ்ட்ரிப்புகள் அதையும் குளுக்கோஸ் என்றே எண்ணிக் கூட்டிக் காட்டும். நிஜத்தில் சுகர் தாழ்ந்திருக்கும்போது அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஸ்ட்ரிப்போடு வரும் தாளைச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: குத்தாமலே பார்க்கும் வாட்ச் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டும் சென்சார் வேறு. அதன் மெல்லிய இழை தோலுக்கடியில் இருக்கும். இன்சுலின் போடுபவர்களுக்கு மிகவும் உதவும். ஆனால் அது அளப்பது ரத்தத்தை அல்ல, திசு நீரை. சுகர் வேகமாக இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கும். சுகர் தாழ்ந்ததற்கு அடையாளமாக வியர்த்து, கை நடுங்கும்போதும் சென்சார் 95 என்று காட்டினால் விரலில் குத்திப் பாருங்கள்.