டிக்கெட் எடுக்கும் அளவுக்குப் போர்த்துகீசியம்

லிஸ்பனில் ரயில், பஸ் டிக்கெட் எடுக்க ஆங்கிலம் போதுமா, மொழி எவ்வளவு படித்துக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. பெரிய நிலையங்களில் ஆங்கிலத்திலேயே காரியம் முடிந்துவிடும். சின்ன ஊர்களிலும் உள்ளூர் பஸ் ஓட்டுநரிடமும்தான் மொழி கைகொடுக்கும்.

செயலியில் படிக்கிறீர்கள் என்றால் கவனம், பல செயலிகள் சொல்லித்தருவது பிரேசிலில் பேசும் போர்த்துகீசியம், சில சொற்கள் இங்கே வேறு. ரயிலுக்கு இங்கே ‘கொம்போயு’, பஸ்ஸுக்கு ‘அவுத்தோகாரு’, டிக்கெட்டுக்கு ‘பில்யெத்’.

கவுண்டரில் முதலில் வணக்கம் சொல்லுங்கள், அதைச் சொல்லாமல் ஆரம்பிப்பது இங்கே மரியாதை இல்லை. மதியம் வரை ‘போம் தீயா’, அப்புறம் ‘போஆ தார்த்’. பிறகு, ‘கெரீயா உம் பில்யெத் பாரா குயிம்ப்ரா, ஸ ஃபாஷ் ஃபவோர்’: கோயிம்ப்ரா நகரத்துக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள். போக மட்டும் என்றால் ‘சோ ஈதா’, போய்வர ‘ஈதா இ வோல்த்தா’. ஜன்னலோர இருக்கைக்கு ‘ஜனெலா’ என்று சொல்லுங்கள். நம் ‘ஜன்னல்’ என்ற சொல்லே இந்தப் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான், மறக்காது.

கேட்பது சுலபம், பதில் புரிவதுதான் கஷ்டம். இவர்கள் உயிரெழுத்துகளைப் பாதி விழுங்கிப் பேசுவார்கள். அதனால் வாக்கியங்களைவிட எண்களுக்கு அதிக நேரம் கொடுங்கள். 60 ‘ஸெஸெந்தா’, 70 ‘ஸெத்தெந்தா’. அவசரத்தில் இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். மாலை மூன்றரை மணி ரயிலை 15.30 என்றுதான் சொல்வார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை கிழமைகளும் எண்களே: ஞாயிற்றை முதல் நாளாக வைத்து, திங்கள் ‘ஸெகுந்தா’, அதாவது இரண்டாவது, வெள்ளி ‘ஸைஷ்தா’, ஆறாவது. இரண்டாம் வகுப்புக்கும் அதே ‘ஸெகுந்தா’தான், குழம்ப வேண்டாம். புரியவில்லை என்றால் ‘போத் ஷ்க்ரெவேர்?’ என்று கேளுங்கள், தாளில் எழுதிக் காட்டுவார்கள்.

லிஸ்பனிலிருந்து தெற்கே லாகுஷ் ஊருக்குப் போவதானால் தூனெஷ் நிலையத்தில் ரயில் மாற வேண்டிவரும். ‘தெஞ்ஞு த முதார்?’, மாற வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஆல்ஃபா பெந்துலார், இன்டர்சிதாத்ஷ் என்ற நெடுந்தூர விரைவு ரயில்களில் இருக்கை எண்ணோடுதான் டிக்கெட் வரும். அதில் ‘கர்ருவாஜெய்ம்’ பெட்டி, ‘லுகார்’ இருக்கை.

பலகையில் ‘அத்ரஸாது’ என்றிருந்தால் ரயில் தாமதம், ‘சுப்ரிமீது’ என்றால் ரத்து. ‘க்ரெவ்’ என்றால் வேலைநிறுத்தம். இங்கே ரயில் வேலைநிறுத்தம் அபூர்வமல்ல, ஆகவே கிளம்பும் முன் செய்தியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.