துரத்தினாலும் திரும்பி வர்ற வைரஸ்

கேள்வி: பென்டிரைவ்ல இருக்கற ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுது சார், ஆன்டிவைரஸ் போட்டு அழிச்சாலும் அடுத்த நாளே திரும்ப வந்துடுது. பொண்ணோட சின்ன வயசு போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. ஃபார்மட் பண்ணித்தான் ஆகணுமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவசரப்பட்டு ஃபார்மட் பண்ணிடாதீங்கம்மா, போட்டோ பெரும்பாலும் உள்ளயே பத்திரமா இருக்கும். முன்னாடி பென்டிரைவ சொருகினாலே வைரஸ் தானா ஓடும், அந்த ஆட்டோரன் வசதிய மைக்ரோசாஃப்ட் பழைய எக்ஸ்பி, விஸ்டாலகூட 2011ல அப்டேட் குடுத்து நிறுத்திட்டாங்க, அதனால இப்ப இது உங்க ஃபோல்டர ஒளிச்சு வச்சிட்டு அதே பேர்ல ஒரு ஷார்ட்கட்ட வச்சு உங்களையே கிளிக் பண்ண வைக்குது. கிளிக் பண்ணதும் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம், போய் ஸ்டார்ட்அப்ல உக்காந்துக்கும், கம்ப்யூட்டர ஆன் பண்றப்பெல்லாம் தானா ஓடும். நீங்க பென்டிரைவ மட்டும் சுத்தம் பண்ணா எப்படிப் போகும்?

மொதல்ல பென்டிரைவ கழட்டுங்க. விண்டோஸ் 10 இல்ல 11னா விண்டோஸ் செக்யூரிட்டில வைரஸ் பகுதிக்குப் போய் ஸ்கேன் ஆப்ஷன்ஸ்ல டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் குடுங்க, திறந்திருக்கற வேலைய சேவ் பண்ணிட்டு குடுங்க ஏன்னா கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் முழுசா எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே தேடறதால வைரஸால சுலபமா மறைஞ்சுக்க முடியாது, சுமார் 15 நிமிஷம் ஆகும்.

அப்புறம் பென்டிரைவ சொருகி, எதையும் கிளிக் பண்ணாம, மொதல்ல அதையும் ஸ்கேன் பண்ணுங்க. ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல மறைஞ்ச ஃபைல காட்டச் சொல்லுங்க, சிஸ்டம் ஃபைல மறைக்கற டிக்கையும் எடுத்துடுங்க, நிறைய பேர் இத விட்டுட்டுத்தான் போட்டோ போச்சேன்னு அழறாங்க. போட்டோவ மட்டும் கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணுங்க, ஒவ்வொண்ணும் திறக்குதான்னு பாத்துட்டு அதுக்கப்புறம் பென்டிரைவ ஃபார்மட் பண்ணிக்கலாம். வைரஸ் பாஸ்வேர்ட திருடியிருக்கவும் வாய்ப்பிருக்கு, அதனால பேங்க் பாஸ்வேர்ட போன்லேர்ந்து மாத்திடுங்க.