பார்க்கின்சன் உள்ளவர்கள் எடை தூக்கிப் பயிற்சி செய்யலாமா? வாக்கிங் மட்டும் போதாதா?

கேட்டவர் குடியாத்தம்காரர். அப்பாவுக்கு 64 வயது, பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். தினமும் நடக்கிறார். ஜிம்முக்கு அனுப்பலாமா என்று இவர் கேட்டால் சொந்தபந்தம் எல்லாம் "வயசான மனுஷன், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்கிறதாம்.

அனுப்புங்கள். ஜிம் இல்லாவிட்டால் வீட்டிலேயே ஆரம்பியுங்கள். நான் டாக்டர் இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவன். இதே நோயோடு சத்துவாச்சாரியில் குடித்தனம் நடத்துகிறேன்.

வாக்கிங்கை நான் குறை சொல்லவில்லை. விடிகாலையில் கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள், பாதி வேலூர் அங்கேதான் நடக்கிறது. இதயத்துக்கு நல்லது, மனசுக்கு நல்லது, இந்த நோயில் கூடவே வரும் மலச்சிக்கலுக்கும் நல்லது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு நாளைக்குக் கஷ்டம் கொடுக்கப்போவது சமதரையில் நடப்பது மட்டும் இல்லை. சோபாவிலிருந்து எழுவது, படுக்கையில் புரண்டு படுப்பது, பஸ் படி ஏறுவது, கழிவறையில் உட்கார்ந்து எழுவது. இதற்கெல்லாம் தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும் பலம் வேண்டும். நடந்து மட்டும் அந்தப் பலம் வராது. போதாததற்கு, இந்த நோய்க்காரர் தன் போக்கில் நடந்தால் அடி சின்னதாகிக்கொண்டே போகும், கை வீச்சும் நின்றுபோகும்.

காரணம் மூளையில் இருக்கிறது. அசைவுக்கான உத்தரவு சரியாகப் போக டோபமைன் என்ற ரசாயனம் வேண்டும். அதைச் சுரக்கும் செல்கள் அங்கே குறைந்துகொண்டே வருகின்றன. தசைக்கு நோய் கிடையாது, அதற்கு வரும் உத்தரவுதான் சன்னமாகிவிடுகிறது. பெரிதாக எழுதுவதாக நினைத்துத்தான் எழுதுவோம், எழுத்து எறும்பு எறும்பாக விழும். உத்தரவு சன்னமானால் தசைக்கு வேலை குறையும், வேலை குறைந்த தசை இளைக்கும். 'ரெஸ்ட்' என்று சொந்தக்காரர்கள் சொல்வது இந்த இளைப்புக்குத்தான் உதவும்.

2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். பார்க்கின்சன் உள்ளவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணிக்கு எடையைப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சி, இன்னொரு அணிக்கு உடலை நீட்டி மடக்குவது, பேலன்ஸ் போன்ற பொதுப் பயிற்சி. இரண்டு வருஷம் நடத்தினார்கள். ஆறு மாதத்தில் இரண்டு அணியும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தன. இரண்டு வருஷ முடிவில், மாத்திரை போடாத நேரத்தில் அளந்து பார்த்தபோது, எடை தூக்கியவர்களின் அசைவு தெளிவாகவே மேலாக இருந்தது. இதில் நான் கவனிப்பது அந்த ஆறு மாதத்தைத்தான். நம் ஊரில் மூன்று மாதம் செய்துவிட்டு "ஒண்ணும் தெரியலையே" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். டிரெட்மில்லை வைத்து 128 பேரிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வந்தது. மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமாக நடந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அறிகுறிகள் அநேகமாக ஏறவே இல்லை. அதற்காக உடற்பயிற்சி நோயை நிறுத்திவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

எந்த நேரத்தில் செய்வது என்பதுதான் பாதி விஷயம். சின்டோபா போன்ற லெவோடோபா மாத்திரை (மூளைக்குப் போய் டோபமைனாக மாறும் மருந்து) போட்டு அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் உடம்பு இளகும். பயிற்சி அந்த நேரத்தில்தான். மாத்திரையின் வேகம் இறங்கிய பிறகு செய்தால் வெறும் சிரமம், விழவும் வாய்ப்பு. இன்னொன்று, பால், முட்டை, பருப்பு என்று புரதத்தோடு சேர்த்துப் போட்டால் சிலருக்கு மாத்திரை சரியாக ஏறாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்வது அதனால்தான். வெறும் வயிற்றில் குமட்டினால் டாக்டரிடம் கேளுங்கள், அளவை நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த நோயிலும் சரி, மாத்திரையாலும் சரி, சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வியர்த்துத் தண்ணீர் குறைந்தால் இன்னும் மோசம். அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடிப் பயிற்சி வேண்டவே வேண்டாம். காலையில் ஃபேனுக்குக் கீழே, பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு செய்யட்டும்.

என்ன செய்வது? ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைச் சொல்வேன். நல்ல கனமான மர நாற்காலி, சுவரோடு ஒட்டிப் போட்டது. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, பிறகு எழ வேண்டும். எங்களில் பலர் இந்தச் சாய்வை விட்டுவிட்டு நேராக எழப் பார்த்துப் பின்னால் பொத்தென்று விழுவோம். உட்காரும்போது மெதுவாக, மனசுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். பலம் ஏற இந்த இறக்கமும் நிறைய உதவும். கை ஊன்றாமல் பத்துத் தடவை சுலபமாக வந்துவிட்டால் நெஞ்சோடு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அணைத்துக்கொள்ளட்டும், அது ஒரு கிலோ. பிறகு இரண்டு லிட்டர். கடைசி இரண்டு தடவை முக்கித் தூக்குகிற மாதிரி இருந்தால்தான் எடை சரி. சுலபமாக முடிந்தால் அது பயிற்சி இல்லை.

அடுத்தது முதுகு. கூன் விழுவது இந்த நோயின் குணம், அதனால் இழுக்கும் பயிற்சிதான் முக்கியம். எலாஸ்டிக் பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய், தோள்பட்டை எலும்பு இரண்டும் நெருங்கும்படி இழுக்க வேண்டும். அதே ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், வாசற்படியில் ஏறி இறங்குவது. ஒரு அமர்வுக்கு இவ்வளவு போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் விட்டு. மற்ற நாளில் வழக்கம்போல நடக்கட்டும், கொஞ்சம் வேகமாக. எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. சத்தமாக எண்ணச் சொல்லுங்கள், மூச்சும் அடங்காது, இந்த நோயில் தேய்ந்துபோகும் குரலுக்கும் வேலை கிடைக்கும். ஜிம்முக்குப் போனால் உட்கார்ந்து செய்யும் மெஷின்கள் நல்லவை. தோளில் கம்பி வைத்து உட்கார்ந்து எழுவதெல்லாம் பேலன்ஸ் தடுமாறுகிறவர்களுக்கு வேண்டாம்.

என் சின்ன மச்சான் முதல் தடவை பார்த்துவிட்டு, "இன்னா மாமா இது, இந்த வயசுல கல்லு தூக்கிட்டு கீற?" என்றான். இப்போது அவனே பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறான், கிண்டலை மட்டும் விடவில்லை.

ஆரம்பிக்கும் முன் நரம்பியல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்க்கரை, இதய நோய், மூட்டுத் தேய்மானம் இருந்தால் கட்டாயம். முதல் சில வாரம் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்தால் ரொம்ப நல்லது. இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்குக் குறை இல்லை. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வேலை பார்த்தது நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான். பாகாயத்தில் உள்ள அதன் மறுவாழ்வு நிலையம் 1966-இலிருந்து இருக்கிறது.

யாராவது பூனைக்காலிப் பொடி கொடுத்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதில் இருப்பதும் லெவோடோபாதான். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு கூடிவிடும்.

நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். கால் தரையில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். தரையில் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டச் சொல்லுங்கள். என் வீட்டில் சமையலறை வாசலில் கலர் டேப் ஒட்டியிருக்கிறது.

முதுகுப் பயிற்சிக்குச் சொன்ன எலாஸ்டிக் பேண்டை வாங்கும்போது கலரைப் பார்த்து வாங்குங்கள். பிசியோதெரபி பேண்டுகளில் பெரும்பாலும் மஞ்சள் லேசு, அடுத்தது சிவப்பு, பிறகு பச்சை. தினமும் நடக்கிற ஆள் என்பதால் சிவப்பில் தொடங்கலாம்.