சிரிச்சுப் பேசினா மேனேஜர் ஆயிடலாமா?

வணக்கம் சார்,

உங்க கட்டுரைகள ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதறது இதான் முதல் தடவ. சாஃப்ட்வேர்ல இருக்கேன். ஸ்கூல்ல இருந்தே படிப்புல நான்தான் முதல், இப்பவும் ஆபீஸ்ல யாருக்கும் புரியாத பிரச்சனைன்னா என்கிட்டதான் வரும். ஆனா எனக்கப்புறம் சேர்ந்தவர், கோடிங்ல என்னவிட ரொம்ப சுமார், இப்ப எனக்கு மேனேஜர். எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுவார், அவ்ளோதான். போன வாரம் ஒரு ட்ரெய்னிங்ல "வெற்றிக்கு ஐக்யூ 20 சதவீதம், ஈக்யூ 80 சதவீதம்"னு ஸ்லைடு போட்டாங்க. அப்ப அறிவுக்கு மதிப்பே இல்லையா? மேல வரணும்னா நானும் ஜால்ரா அடிக்கக் கத்துக்கணுமா? இப்ப ஒரு டீம் லீட் போஸ்ட் காலியா இருக்கு, கேக்கவா வேண்டாமான்னும் குழப்பமா இருக்கு. பேர் போட வேண்டாம் சார்.

---

வணக்கம்,

முதல்ல அந்த ஸ்லைட மறந்துடுங்க. டேனியல் கோல்மன்னு ஒரு அமெரிக்க உளவியல் எழுத்தாளர் 1995ல எமோஷனல் இன்டெலிஜென்ஸ் (நம்ம உணர்ச்சியையும் அடுத்தவங்க உணர்ச்சியையும் புரிஞ்சு நடந்துக்கற திறமை, இதத்தான் ஈக்யூங்கறாங்க) பத்தி எழுதின புத்தகத்துல இருந்து கிளம்பின நம்பர் அது. அவர் சொன்னது, ஒருத்தர் வாழ்க்கைல எங்க போய் நிக்கிறாருங்கறதுல ஐக்யூவோட பங்கு அதிகபட்சம் 20 சதவீதம் இருக்கும், மிச்சம் மத்த விஷயங்கள்னு. மத்த விஷயம்னா பொறந்த குடும்பத்தோட வசதி, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்த்துதான். அந்த 80ஐ அப்படியே தூக்கி ஈக்யூ கணக்குல எழுதினது பின்னாடி வந்தவங்க. கோல்மனே பத்து வருஷம் கழிச்சு, அது தப்பான வாசிப்புன்னு எழுதிட்டார், ஆனா ட்ரெய்னிங் கொடுக்கறவங்க விடறதா இல்ல, இவ்ளோ அழகா ஒரு நம்பர் கிடைச்சா யாரு விடுவா.

அறிவுக்கு மதிப்பு இருக்கு. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1998ல, அதுக்கு முந்தின 85 வருஷ ஆராய்ச்சிகள எல்லாம் ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க. புத்திக்கூர்மை டெஸ்ட்ல வாங்கற மார்க்குக்கும் வேலைய எவ்ளோ நல்லா செய்றாங்கங்கறதுக்கும் உள்ள தொடர்பு 0.51னு வந்துச்சு, ஒண்ணுன்னா முழுப் பொருத்தம், பூஜ்யம்னா சம்பந்தமே இல்லன்னு வச்சுக்கோங்க. 2022ல பால் சாக்கெட்டும் அவர் கூட இருந்தவங்களும், அந்தக் கணக்குல பண்ணின சில திருத்தங்கள் ஓவரா போயிடுச்சுன்னு சொல்லி மறுபடி போட்டப்ப அது 0.31க்கு இறங்கிடுச்சு. இறங்கினாலும் சின்ன நம்பர் இல்ல அது. ஆனா அதுக்கு வெளிய எவ்ளோ இடம் இருக்குன்னும் பாருங்க.

இன்னொண்ணு, ஸ்கூல்ல நீங்க முதல் ஆளுன்னா அங்க எல்லா மாதிரி பசங்களும் இருந்தாங்க, இப்ப உங்க ஆபீஸ்ல இருக்கறவங்க டிகிரி, ஆன்லைன் டெஸ்ட், ரெண்டு மூணு இன்டர்வியூன்னு சலிச்சு எடுத்த ஆளுங்க. எல்லாரும் ஓரளவு புத்திசாலி. அப்படிப்பட்ட கூட்டத்துல புத்தியால வர்ற வித்தியாசம் சுருங்கிடும், அதுவரைக்கும் யாரும் கண்டுக்காத மத்த வித்தியாசம் எல்லாம் பெருசா தெரிய ஆரம்பிக்கும். உங்க மேனேஜர் கோடிங்ல சுமார்னு நீங்க சொல்றது உங்க பக்கத்துல வச்சுப் பாக்கறதால, ஒருவேள வேலைக்கு போதுமான அளவு அவருக்கு நல்லாவே வரலாம்.

வில்லியம் ஷாக்லின்னு ஒருத்தர். கம்ப்யூட்டர் சிப்புக்கெல்லாம் அடிப்படையான டிரான்சிஸ்டருக்காக 1956ல நோபல் வாங்கின மூணு பேர்ல ஒருத்தர். (சின்ன வயசுல, லூயிஸ் டெர்மன் 1921ல ஆரம்பிச்ச மேதைக் குழந்தைகள் ஆராய்ச்சிக்கு இவருக்கும் டெஸ்ட் வச்சு, மார்க் பத்தலன்னு விட்டுட்டாங்க, அது தனி காமெடி.) நோபல் வாங்கின அதே சமயத்துல கலிஃபோர்னியால சொந்தமா ஒரு செமிகண்டக்டர் லேப் ஆரம்பிச்சார். ஆள் பொறுக்கறதுல மன்னன், எடுத்த பசங்க ஒவ்வொருத்தரும் வைரம். ஆனா அவங்கள நம்பத் தெரியல. அவங்க ஒரு ரிசல்ட் கொண்டு வந்தா, தன் பழைய லேப்ல இருக்கறவங்களுக்கு போன் போட்டு சரிதானான்னு கேப்பாராம். ஒரு தடவ செக்ரட்டரிக்கு விரல்ல சின்னதா வெட்டுக் காயம் பட்டதுக்கு, யாரோ வேணும்னே செஞ்ச சதின்னு நம்பி ஸ்டாஃபுக்கெல்லாம் பொய் கண்டுபிடிக்கிற மெஷின் டெஸ்ட் வைக்கணும்னு நின்னார். 1957ல எட்டு பேர் ஒண்ணா கிளம்பிப் போய் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் ஆரம்பிச்சாங்க. அதுல ரெண்டு பேர், ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும், 1968ல இன்டெல் ஆரம்பிச்சாங்க. ஷாக்லியோட கம்பெனி அதுக்கப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. அந்த எட்டு பேரும் அவர் அறிவ குறை சொல்லிட்டுப் போகல, அவர் கூட உக்காந்து வேலை செய்ய முடியலன்னுதான் போனாங்க.

அதுக்காக இனிமையா இருந்தா போதும்னும் நினைக்காதீங்க. திமோத்தி ஜட்ஜ் குழு 2012ல வெளியிட்ட ஆராய்ச்சில, எல்லாத்துக்கும் ஒத்துப்போற சுபாவம் உள்ளவங்க சராசரியா கம்மியாதான் சம்பாதிக்கிறாங்கன்னு வந்துச்சு, அதுவும் ஆம்பளைங்ககிட்ட அந்த வித்தியாசம் ஜாஸ்தி. சிரிச்சுப் பேசறதுதான் ரகசியம்னா இது தலைகீழா இல்ல வந்திருக்கணும். ஜால்ராவால மேல போறவங்க இல்லன்னு சொல்லல, இருக்காங்க, நிறையவே இருக்காங்க, உங்க ஆபீஸ் முழுக்க அப்படித்தான்னா நீங்க மாத்த வேண்டியது உங்க குணத்த இல்ல, ஆபீஸ. ஆனா உங்க கடிதத்துல அதுக்கு ஆதாரம் ஒண்ணும் தெரியல, அவர் சிரிக்கிறார்ங்கறது மட்டும்தான் இருக்கு.

எனக்கு உறுத்தினது வேற வரி. "யாருக்கும் புரியாத பிரச்சனைன்னா என்கிட்டதான் வரும்." சரி, நீங்க தீர்த்து வச்சப்புறம் அது அவங்களுக்குப் புரியுதா? அடுத்த மாசம் அதே மாதிரி ஒண்ணு வந்தா அவங்களே பாத்துக்கறாங்களா, இல்ல மறுபடி உங்க சீட்டுக்குத்தான் வராங்களா? மறுபடி வராங்கன்னா உங்களுக்கு அது பெருமையா தெரியுது, மேல இருக்கறவருக்கு அது ரிஸ்க்கா தெரியும், இவர் லீவு போட்டா வேலை நிக்கும், இவர மேல தூக்கினா இந்த இடத்துல யாரு உக்காருவான்னு. இன்னொருத்தருக்கு எது புரியல, எங்க தடுக்குது, கேக்க ஏன் கூச்சப்படறார்னு கண்டுபிடிக்கறதும் மூளை வேலைதான், கோட்ல பக், அதாவது தப்பு, கண்டுபிடிக்கிற மாதிரியே பொறுமை வேணும். நீங்க அத அறிவுக் கணக்குல சேர்க்க மாட்டேங்கறீங்க, அதான் உங்க மேனேஜர் பண்றது உங்க கண்ணுக்கு வெறும் சிரிப்பா தெரியுது.

சந்தையும் அந்தப் பக்கம்தான் போகுது. டேவிட் டெமிங்னு பொருளாதார நிபுணர் 2017ல காட்டினது, அமெரிக்கால 1980ல இருந்து 2012 வரைக்கும் மனுஷங்களோட அதிகம் பழக வேண்டிய வேலைகளோட பங்கு கிட்டத்தட்ட 12 சதவீதப் புள்ளி ஏறியிருக்கு, கணக்கு மட்டும் அதிகமா கேக்கற, ஆள் பழக்கம் கம்மியா வேணுங்கற வேலைகளோட பங்கு 3 புள்ளிக்கு மேல குறைஞ்சிருக்கு. ரெண்டும் சேர்ந்து கேக்கற வேலைகள்லதான் சம்பளமும் நல்லா ஏறியிருக்கு. அதனால உங்ககிட்ட இருக்கறத விட்டுட்டு இன்னொண்ணுக்கு மாறணும்னு இல்ல, ஏற்கனவே இருக்கறது மேல இன்னொண்ணு சேர்க்கறீங்க.

டீம் லீட் போஸ்ட் விஷயம். கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரம் ஒண்ணு செஞ்சு பாருங்க, யாராவது பிரச்சனையோட வந்தா கீபோர்ட நீங்க தொடாதீங்க, அவங்க கையாலயே தீர்க்க வைங்க. எரிச்சலா இருக்கும், நீங்க பத்து நிமிஷத்துல முடிக்கறத அவங்க ஒரு மணி நேரம் இழுப்பாங்க. அந்த ஒரு மணி நேரத்துல உங்களுக்கு கொஞ்சமாவது சுவாரஸ்யம் வந்துச்சுன்னா தைரியமா கேளுங்க, ஏன்னா லீட் ஆனப்புறம் பாதி நாள் அதுதான் வேலை. சுத்தமா பிடிக்கலன்னா கேக்காதீங்க, அதுல கேவலம் ஒண்ணும் இல்ல, மேனேஜர் ஆகாமலே மேல போறதுக்கு ஐபிஎம் 1960கள்லயே ஃபெல்லோன்னு ஒரு பதவிய உருவாக்கிட்டாங்க, இப்ப நிறைய கம்பெனில டெக்னிக்கல் ஆளுங்களுக்கு தனி ஏணி இருக்கு. உங்க கம்பெனில அது நிஜமாவே இருக்கான்னு அதுல ஏறி நிக்கிற ஒருத்தர்கிட்ட கேளுங்க. எச்.ஆர்.கிட்ட கேட்டா இருக்குன்னுதான் சொல்லுவாங்க.