எந்த காங்?

அன்புள்ள ஐயா,

உங்களுக்கு இதற்கு முன் இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். இரண்டும் நாவல்கள் பற்றி. இது வேறு மாதிரி. சிரிக்கக் கூடாது.

போன வாரம் என் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். ராத்திரி சாப்பிடும்போது அவருக்கும் ஏழாவது படிக்கும் என் மகனுக்கும் வாக்குவாதம். ஜுராசிக் படங்களில் வரும் டைனோசர்களோடு கிங் காங் மோதினால் யார் ஜெயிப்பது? மச்சான் காங் கட்சி. "கை இருக்கு, புத்தி இருக்கு. வாயைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கும்" என்கிறார். மகன், டி. ரெக்ஸ் கடிக்கு முன்னால் குரங்கு எம்மாத்திரம், அதுவே தோற்றாலும் அந்தப் படங்களில் ஆய்வகத்தில் உருவாக்கிய இண்டோமினஸ் ரெக்ஸ் விடாது என்கிறான். காங்கும் காட்ஸில்லாவும் மோதிய 1962 ஜப்பான் படத்தில் உண்மையில் ஜெயித்தது காட்ஸில்லாதான், அமெரிக்காக்காரர்கள் முடிவை மாற்றிவிட்டார்கள் என்று யாரோ வீடியோவில் சொன்னதையும் சாட்சிக்கு இழுத்தான். என் மனைவி, "இல்லாத மிருகம் ரெண்டுக்குச் சண்டை மூட்டிவிட்டு சோத்தை ஏன் ஆறவைக்கிறீங்க" என்று முடித்துவைத்தார். முடியவில்லை. வாட்ஸ்அப்பில் இன்னும் ஓடுகிறது. தோற்றவர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டுமாம். நடுவர் நீங்கள் என்று சொல்லிவிட்டேன்.

செந்தில்
திண்டுக்கல்

*

அன்புள்ள செந்தில்,

சிரித்தேன். அப்புறம் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்ததில் அரை நாள் போய்விட்டது.

முதலில் உங்கள் மனைவிக்கு ஒரு சின்ன மறுப்பு. இரண்டில் ஒன்று இருந்த மிருகம். டி. ரெக்ஸ் 6.6 கோடி வருடங்களுக்கு முன்பு வரை நடமாடியது. சிகாகோ அருங்காட்சியகத்தில் நிற்கும் 'சூ' என்ற டி. ரெக்ஸின் எலும்புக்கூடு 12 மீட்டருக்குச் சற்று அதிக நீளம். உயிரோடு இருந்தபோது எட்டு, ஒன்பது டன் இருந்திருக்கும். காங் பிறந்தது 1933இல், ஹாலிவுட்டில். முயல் தோல் போர்த்திய 45 சென்டிமீட்டர் பொம்மையாக.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. டி. ரெக்ஸுக்கு அளவு உண்டு. காங்குக்குக் கிடையாது. முதல் படத்தில் தீவில் இருக்கும்போது 18 அடி, நியூயார்க் வந்ததும் 24 அடி. அந்த நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே 18 அடிக் குரங்கு எடுபடாது என்று ஒரே படத்துக்குள் ஆளை வளர்த்துவிட்டார்கள். 1962இல் ஜப்பான்காரர்கள் 50 மீட்டர் காட்ஸில்லாவோடு மோதவிட வேண்டியிருந்ததால் 45 மீட்டர் ஆக்கினார்கள். 2005இல் பீட்டர் ஜாக்சன் 25 அடிக்குக் கொண்டுவந்தார். 2017இல் 104 அடி, 2021இல் மறுபடி காட்ஸில்லா எதிரே வந்ததும் 337 அடி. மல்யுத்தத்தில் எடைக்குத் தகுந்தபடி எதிராளியைப் பிடிப்பார்கள். இங்கே எதிராளிக்குத் தகுந்தபடி எடையை ஏற்றுகிறார்கள். ஆகவே உங்கள் மச்சானிடம் முதலில் கேட்க வேண்டியது, "எந்த காங்?"

மலைபோன்ற காங்குகளைத் தள்ளிவைத்துவிடலாம். 337 அடிக்காரன் டி. ரெக்ஸை மிதித்தால் மிதித்ததே அவனுக்குத் தெரியாது. அது சண்டை இல்லை, விபத்து. நிற்கக்கூடிய போட்டி 1933 காங்குக்கும் டி. ரெக்ஸுக்கும்தான்.

வளர்ந்த ஆண் கொரில்லா நிமிர்ந்து நின்றால் சுமார் 1.7 மீட்டர். எடை 180 கிலோ என்று வையுங்கள். அதையே 18 அடிக்கு நீட்டினால் உயரம் மூன்று மடங்குக்குச் சற்று மேல். நீளம், அகலம், தடிமன் மூன்றும் சேர்ந்து வளர்வதால் எடை மூன்று மடங்கு அல்ல, முப்பத்து மூன்று மடங்கு. அதாவது ஆறு டன். டி. ரெக்ஸைவிட இரண்டு டன்தான் குறைவு. யோசித்துச் செய்தார்களோ, தற்செயலோ, ஜோடி ஓரளவு சரியாகவே அமைந்திருக்கிறது. ஜாக்சனின் 25 அடி காங் இதே கணக்கில் 16 டன் வருகிறான். டி. ரெக்ஸைப் போல இரண்டு மடங்கு. ஜுராசிக் பார்க்கின் டி. ரெக்ஸ் ஒற்றையாக அவன் எதிரே நின்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, காங்தான். ஜாக்சனுக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் மூன்று வி. ரெக்ஸ்களை, அதுவும் டி. ரெக்ஸ் அழியாமல் அந்தத் தீவிலேயே இன்னும் ஆறு கோடி வருடம் மாறிக்கொண்டே வந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்த மிருகங்களை, ஒரே நேரத்தில் ஏவிவிட்டு, காங்கின் ஒரு கையில் கதாநாயகியையும் கொடுத்துவிட்டார்.

(தீவு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தீவில் அடைபட்ட பெரிய மிருகங்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப்போவதுதான் வழக்கம். இன்றைய ருமேனியாவின் ஹாட்ஸெக் பகுதி டைனோசர் காலத்தில் தீவு. அங்கே வாழ்ந்த நீள்கழுத்து டைனோசர் அதன் உறவுகள் முன்னால் கன்றுக்குட்டி. நியாயப்படி பார்த்தால் காங் தீவில் டி. ரெக்ஸ் எருமை அளவுக்குச் சுருங்கியிருக்க வேண்டும். காங்கும் வளர்ந்திருக்க முடியாது. அந்தப் படத்தை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்?)

சரி, 1933க்கு வருவோம். ஆறு டன் எதிர் எட்டு டன். மச்சான் சொல்கிறபடி காங் வாயைக் கிழிப்பானா? படத்தில் கிழிக்கிறான். ஆனால் அதுதான் அவன் செய்யக்கூடாத காரியம். முதலை பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வாயைத் திறக்க மல்லுக்கட்ட மாட்டார்கள், மூடிப் பிடிப்பார்கள். முதலைக்கு வாயை மூடும் தசை பிரமாண்டம், திறக்கும் தசை சொற்பம். மூக்கைச் சுற்றி நாலு சுற்றுக் கயிறு போட்டால் திறக்க முடியாமல் கிடக்கும். அதற்குத் தூரத்து உறவான டி. ரெக்ஸுக்கும் அமைப்பு பெரும்பாலும் அப்படித்தான். அதன் கடி ஒற்றைப் பல்லில் குறைந்தது மூன்றரை டன் எடைக்குச் சமமான விசை என்று கணினி மாதிரிகளை வைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். கனடாவில் கிடைத்த அதன் கல்லாகிப்போன சாணத்தில் நொறுங்கிய எலும்புத் துண்டுகள் இருந்தன. அப்படிப்பட்ட வாய்க்குள் விரலைக் கொடுத்துப் பிளக்கப் பார்க்கிறான் காங். மச்சான் சொல்லும் புத்தி இருந்தால் பின்னாலிருந்து கழுத்தில் ஏறி வாயைப் பொத்தியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் எலும்பு. உருவத்தை இரண்டு மடங்காக்கினால் எலும்பின் குறுக்குப் பரப்பு நாலு மடங்கு, சுமக்க வேண்டிய எடை எட்டு மடங்கு. கலிலியோ 1638லேயே எழுதிவைத்த விஷயம் இது. பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹால்டேன் 1926இல் இதை வைத்து ஓர் அருமையான கட்டுரை எழுதினார். பிற்பாடு இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரத்தில் காலமான அதே ஹால்டேன்தான். ஆறு டன்னைத் தாங்க யானை தூண்போலக் கால்களை நேராக வைத்திருக்கிறது, அதனால் துள்ளிக் குதிக்க முடிவதில்லை. மடங்கிய கொரில்லாக் கால்களில் அதே ஆறு டன்னை வைத்துக்கொண்டு காங் தாவுகிறான், டி. ரெக்ஸின் முதுகில் ஏறுகிறான், கடைசியில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலும் ஏறுகிறான். டைனோசருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் உடம்பை இயற்கை சோதித்துப் பார்த்தாகிவிட்டது. பல லட்சம் வருடம் அந்தக் காலில்தான் நடந்து, வேட்டையாடி, வாழ்ந்திருக்கிறது. ஜீப்பைத் துரத்தும் அளவுக்கு ஓடியிருக்காது என்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே 18 அடி காங் என்றால் என் தீர்ப்பு உங்கள் மகன் பக்கம். 25 அடி என்றால் மச்சான் பக்கம். இண்டோமினஸ் பற்றி மகனிடம் சொல்லுங்கள்: கை நீளம்தான், ஆள் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளத் தெரியும்தான். ஆனால் அதை முடித்தது ஒரு கிழட்டு டி. ரெக்ஸ், ஒரு ராப்டர், தண்ணீரிலிருந்து ஒரு மோசசாரஸ். கூட்டணிக்கு எதிரே தோற்றதைப் பெரிய குறையாகச் சொல்ல முடியாது, அதே சமயம் 16 டன் காங்கைச் சமாளிக்கும் என்றும் தோன்றவில்லை. 1962 கதையும் தவறு. இரண்டு நாட்டுப் பிரதிகளிலும் இரண்டு மிருகங்களும் கடலில் விழுகின்றன, நீந்திப் போவது காங் மட்டும்தான். ஜப்பானில் வேறு முடிவு என்பது பல வருடமாகச் சுற்றும் புரளி.

இவ்வளவு கணக்கும் போட்ட பிறகு அந்த 1933 சண்டையை மறுபடி போட்டுப் பார்த்தேன். பொம்மைகளை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கையால் நகர்த்திப் படம் பிடித்தவர் வில்லிஸ் ஓ'பிரையன். இளமையில் கொஞ்ச காலம் குத்துச்சண்டை போட்டவர். அது அப்படியே தெரிகிறது. காங் கொரில்லா மாதிரி சண்டை போடுவதில்லை. குத்துகிறான், விலகுகிறான், காலைப் பிடித்து வாருகிறான். டி. ரெக்ஸ் வாலைத் தரையில் ஊன்றிக் கங்காரு மாதிரி நிற்கிறது, கையில் இரண்டு விரலுக்குப் பதில் மூன்று. காங்கின் முடி காற்றே இல்லாமல் சிலிர்த்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவை பொம்மையைத் தொடும்போதும் முயல் ரோமத்தில் விரல் பட்டு நகர்ந்ததன் தடம் அது.

சண்டை முடிந்த பிறகுதான் நான் தேடிய இடம் வருகிறது. டைனோசர் செத்துக் கிடக்கிறது. காங் குனிந்து அதன் உடைந்த தாடையைத் தூக்குகிறான், விடுகிறான். மறுபடி தூக்குகிறான், விடுகிறான். கதவுக் கீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவனைப் போல. அப்புறம்தான் மார்பில் அடித்துக்கொள்கிறான். உங்கள் மச்சான் "புத்தி இருக்கு" என்றாரே, அவர் மனதில் இருப்பது இந்த இடம்தான் என்று நினைக்கிறேன். டி. ரெக்ஸ் நான் பார்த்த எந்தப் படத்திலும் தான் கொன்றதை இப்படி வேடிக்கை பார்த்ததில்லை. தின்னும், கத்தும், போய்விடும். எலும்புக் கணக்கு தெரிந்த நானே அந்த இடத்தில் காங் கட்சிக்குப் போய்விட்டேன்.

படத்துக்கு வெளியே ஒரு சண்டை நடந்தது. அதில் டைனோசர்தான் ஜெயித்தது. 1993 ஜுராசிக் பார்க்குக்கு முதலில் ஓ'பிரையன் வழிவந்த பொம்மை முறையில்தான் படம் பிடிப்பதாக இருந்தார்கள். பொறுப்பு ஃபில் டிப்பெட்டுக்கு. இடையில் கணினியில் செய்த டைனோசர் ஒன்றைத் திரையில் காட்டியதும் டிப்பெட் தான் அழிந்துபோன இனம் ஆகிவிட்டதாகச் சொன்னாராம். இயக்குநர் ஸ்பீல்பெர்க் அந்தப் பேச்சையே படத்துக்குள் வைத்துவிட்டார். ஆனால் டிப்பெட்டை வெளியே அனுப்பவில்லை. மூட்டுக்கு மூட்டு உணர்கருவி பொருத்திய டைனோசர் எலும்புக்கூடு ஒன்றைச் செய்து பொம்மைக்காரர்கள் கையில் கொடுத்தார்கள். அவர்கள் பழையபடி கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த, கணினி அதை அப்படியே பதிந்துகொண்டது. படத்தில் டி. ரெக்ஸ் வரும் சில காட்சிகள் அப்படி எடுத்தவைதான்.

பரோட்டாவுக்கான பணத்தை ஆளுக்குப் பாதி போடச் சொல்லுங்கள். மகனை அந்த 1933 சண்டையை ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, முடியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.